மலையேறும் அம்பாசிடர்: பென்சிலில் ஒரு கார்ட்டூன் காரை வரைந்து நிழலிடுதல்

கார்ட்டூன் கார் வரைய உட்காருபவர்களில் பலர் முதலில் கண்ணையும் வாயையும் வரைந்துவிட்டு, மீதிக் காரை அவற்றைச் சுற்றிப் பொருத்தப் பார்க்கிறார்கள். படம் முடிந்த பின் கண் சிரிக்கும், வாய் சிரிக்கும், கார் மட்டும் தாளில் ஒட்டிய ஸ்டிக்கர் போலக் கிடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நான் வரைந்த ஒரு காரைப் பார்த்து என் அக்கா மகன், "ஏன் மாமா, இது காத்துல நிக்குது?" என்று கேட்டான். அந்த முகத்துக்கு நான் இரண்டு மணி நேரம் செலவழித்திருந்தேன். சக்கரத்துக்கு அடியில் இரண்டு நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. காருக்கு எடை இருப்பதாகத் தோன்றினால்தான் அதற்கு மனசு இருப்பதாகவும் தோன்றும். ஆகவே இங்கே விளக்கும் முறையில் எடை முதலில் வரும், முகம் பிறகு வரும்.

சேலத்தில் இருப்பவர்கள் இதற்கான மாதிரியைத் தேடி அலைய வேண்டியதில்லை. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏதாவது ஒரு வளைவுக்கு அருகில், சாலையை விட்டு விலகிப் பத்திரமான இடத்தில் நின்று, வரும் வண்டிகளை அரை மணி நேரம் கவனித்தால் போதும். ஏறும் கார், எடை பின்பக்க ஸ்பிரிங்குகளின் மேல் சரிவதால், மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் அமுங்கி வரும். வளைவில் திரும்பும்போது உடல் வளைவின் வெளிப்பக்கம் சாயும். இறங்கும் கார் பிரேக் பிடித்ததும் மூக்கைத் தரையை நோக்கிக் குத்தும். முயற்சி, தலைச்சுற்றல், பயம் என்ற மூன்று உணர்வுகளும் கண், வாய் எதுவும் இல்லாமலே அந்த மூன்று நிலைகளில் வந்துவிடுகின்றன. நாம் ஏறும் காரை எடுத்துக்கொள்வோம்.

காராக நான் பரிந்துரைப்பது வெள்ளை அம்பாசிடர். 1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை தயாரிக்கப்பட்ட அந்தக் காரின் உப்பிய பானெட்டும், குமிழ் போன்ற கூரையும், உருண்டை ஹெட்லைட்டுகளும் நிழலிடப் பழகுவதற்கென்றே செய்தவை போலிருக்கும். இன்றைய கார்களின் கூர்மையான மடிப்புகளில் ஒளியும் நிழலும் திடீரென்று மாறுவதால், புதிதாகப் பழகுபவர் அங்கே தடுமாறுவார்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எச், எச்பி, 2பி, 4பி, 6பி என ஐந்து பென்சில்கள், ஒரு சாதாரண ரப்பர், பிசைந்து கூராக்கக்கூடிய மெத்தென்ற ரப்பர் ஒன்று, 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம் எடை) அளவிலான கார்ட்ரிட்ஜ் தாள் எனப்படும் சற்றே சொரசொரப்பான வரைதாள் ஆகியவை போதும். பென்சில் முனை கிராபைட்டும் களிமண்ணும் கலந்தது. களிமண் கூடினால் முனை கடினமாகி வெளிறிய கோடும் (எச் வகை), கிராபைட் கூடினால் மென்மையாகிக் கரிய கோடும் (பி வகை, எண் கூடக்கூடக் கருமை கூடும்) விழும். ஜெராக்ஸ் தாள் வழவழப்பாக இருப்பதால் இரண்டு மூன்று அடுக்குகளுக்கு மேல் கிராபைட்டைப் பிடித்துவைக்காது. மழைக்காலத்தில் ஏற்காட்டில் உட்கார்ந்து வரைபவர்கள் தாளை உறையை விட்டு முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டாம். பனிமூட்டத்தின் ஈரம் ஏறிய தாள் பதத்துப்போய், எச் பென்சில் கீறிய இடமெல்லாம் பள்ளமாகிவிடும். கீழே சேலத்திலோ வியர்வைதான் எதிரி என்பதால், உள்ளங்கைக்கு அடியில் எப்போதும் ஒரு தனித் தாள் இருக்கட்டும்.

முதலில் எச் பென்சிலால், தாளின் வலமிருந்து இடமாக ஏறும் ஒரு சாலைக் கோட்டைச் சுமார் 10 பாகைச் சாய்வில் இழுத்து, அதன் மேல் ஒரு பெட்டியை வரையுங்கள். உண்மையான அம்பாசிடர் ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமும் 1.6 மீட்டர் உயரமும் உடையது. அந்த விகிதத்தில் வரைந்தால் அது காரின் படமாக இருக்குமே தவிரக் கதாபாத்திரமாக இருக்காது. நீளத்தைக் குறுக்கி, 9 சென்டிமீட்டர் நீளத்துக்கு 6 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தால் குழந்தை உடம்புக்குரிய குண்டுத்தன்மை வந்துவிடும். கார் இடப்பக்கம் நோக்கி ஏறுகிறது, நாம் அதற்குச் சற்று முன்னே சாலையோரம் நிற்கிறோம் என்று கொண்டால், முகப்பும் ஒரு பக்கவாட்டும் நமக்குத் தெரியும். பெட்டியின் செங்குத்துக் கோடுகள் சாலைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். பின்னணியில் வரும் சில்வர் ஓக் மரங்களோ தாளின் ஓரத்துக்கு இணையாக நேராக நிற்க வேண்டும். மரத்தையும் காரோடு சேர்த்துச் சாய்த்துவிட்டால், பார்ப்பவர் மலையைக் காண மாட்டார், தாளைத்தான் திருப்பிப் பிடிப்பார்.

பெட்டிக்குள் உடலை வரையும்போது முன்பக்கத்தை 3 மில்லிமீட்டர் தூக்கிப் பின்பக்கத்தை அதே அளவு இறக்குங்கள். முன் சக்கரத்துக்கும் அதன் மேலுள்ள மட்கார்டு வளைவுக்கும் இடையே நல்ல இடைவெளி தெரியட்டும். பின் டயரின் மேற்பகுதி வளைவுக்குள் புதைந்திருக்கட்டும்.

சக்கரத்தில்தான் பலருடைய கை நடுங்குகிறது. சாய்வாகப் பார்க்கும் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நீள்வட்டம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில்தான் குழப்பம். வீட்டில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர் ஒன்றை மேசையில் படுக்கவைத்து, அதன் வாய் உங்கள் பக்கம் சற்றே திரும்பியிருக்கும்படி பாருங்கள். டம்ளரின் நடுவே நீளவாட்டில் ஒரு கம்பி செருகியிருப்பதாக நினைத்தால், வாயின் குறுகலான விட்டம் அந்தக் கம்பியின் திசையிலேயே கிடப்பதும், அகலமான விட்டம் அதற்குச் செங்கோணமாக நிற்பதும் தெரியும். கம்பிதான் காரின் அச்சு. பள்ளிக்கூடக் கணக்கில் படித்த குற்றச்சு, அதாவது நீள்வட்டத்தின் குறுகலான விட்டம், அந்த அச்சின் மேலேயே விழ வேண்டும். இதை ஒரு பக்கம் முழுக்க வரைந்து பழகிவிட்டுக் காருக்குத் திரும்புவது நல்லது. நமக்கு அருகில் இருக்கும் முன் சக்கரம் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டு டயர்களின் அடிப்பகுதியையும் 2 மில்லிமீட்டர் தட்டையாக்கி, அதற்கு மேலே பக்கவாட்டை லேசாகப் பிதுக்கிவிடுங்கள். மூட்டை ஏற்றிய வண்டியின் டயர் பிதுங்குவது போலவே இது கண்ணுக்கு எடையைச் சொல்லும்.

முகத்துக்கு வருவோம். ஹெட்லைட்டுகளைக் கண்ணாக்குவது ஒரு வழி, முன் கண்ணாடியில் கண் வரைவது இன்னொரு வழி. அம்பாசிடரில் ஹெட்லைட்டுகள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருப்பதால் அவற்றைக் கண்ணாக்கினால் தவளை முகம் வந்துவிடுகிறது என்பது என் அனுபவம். முன் கண்ணாடியில் கண்ணை வைத்தால் கூரையின் விளிம்பு புருவமாகவும் ஹெட்லைட்டுகள் உப்பிய கன்னங்களாகவும் தாமாகவே அமைகின்றன. கருவிழிகளைக் கண்ணின் நடுவில் வைக்காமல், மேல் இமையைத் தொட்டுக்கொண்டு அடுத்த வளைவைப் பார்ப்பது போல இடப்பக்க மேல்மூலைக்குத் தள்ளுங்கள். கிரில் கம்பிகள் கடித்த பற்கள். பம்பர், முன்னே துருத்திய கீழுதடு. நெற்றியில் வியர்வைத் துளி வரைவது எனக்குப் பிடிப்பதில்லை, உடலின் சாய்வு சொன்னதையே அது மறுபடியும் சொல்கிறது. எண் பலகையில் டிஎன் 30 என்று போட்டுவைத்தால் சேலத்துக்காரர்கள் மட்டும் சிரித்துக்கொள்வார்கள்.

நிழலிடத் தொடங்கும் முன் தாளின் ஓரத்தில் ஐந்து சிறு கட்டங்கள் போட்டு, வெற்றுத் தாளின் வெண்மையிலிருந்து 6பி பென்சிலின் முழுக் கருமை வரை ஐந்து படிகளை நிரப்பிக்கொள்ளுங்கள். வெளிச்சம் இடப்பக்க மேலிருந்து வருகிறது என்று ஒரு சிறிய அம்புக்குறியும் இடுங்கள். பாதி வழியில் மறந்துபோகும், அப்போது அது உதவும். கூரையின் மேற்புறமும் பானெட்டும் முதல் இரண்டு படிகளில் அமையும், பக்கவாட்டுக் கதவுகள் மூன்றாம் படி, கண்ணாடிகளின் உட்புறமும் கிரில் இடுக்குகளும் நான்காம் படி, மட்கார்டு வளைவின் உட்புறமும் காரின் அடிப்புறமும் ஐந்தாம் படி.

இங்கே ஒரு தயக்கம் வரும். கார் வெள்ளைதானே, கதவுகளுக்கு எதற்குச் சாம்பல் நிறம் என்று கை பின்வாங்கும். வெள்ளைக் காரின் நிழல் பக்கம் வெள்ளையாக இருப்பதில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால், வெயில் படும் தார்ச்சாலைக்கும் நிழலில் உள்ள வெள்ளைக் கதவுக்கும் நாம் நினைத்த அளவு வேறுபாடு இல்லை என்பது தெரியவரும். எச்பி பென்சிலை நன்கு சாய்த்துப் பிடித்து, உடலின் வளைவைப் பின்பற்றி ஒரு அடுக்கும், அதற்குச் சற்றுக் குறுக்காக 2பி பென்சிலால் இன்னொரு அடுக்கும் இடுங்கள். கதவின் கீழ்விளிம்புக்கு அருகில் நிழலை மேலும் கருமையாக்கக் கூடாது. சாலையில் பட்டுத் திரும்பும் ஒளி அங்கே விழுவதால், அதற்குச் சற்று மேலேதான் அதிகக் கருமை இருக்கும். விரலால் தேய்த்து மென்மையாக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு தாளில் இறங்கினால் அந்த இடம் திட்டுத்திட்டாகக் கறுக்கும், பிறகு எந்த ரப்பருக்கும் அசையாது. கடின பென்சிலை அழுத்தித் தேய்த்து அதன் மேல் 6பி இடுவதும் வீண். தாளின் நுண்குழிகள் நிரம்பிவிட்டதால் மென்மையான கிராபைட் ஒட்டாமல் வழுக்கும்.

பம்பருக்கு மறுபடியும் அந்த டம்ளரை எடுங்கள். இந்த முறை நிமிர்த்தி ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால், அதன் மேல் நிழல் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதில்லை என்பதைக் காணலாம். வெள்ளைப் பட்டை ஒன்று, அதை ஒட்டியே கருப்புப் பட்டை ஒன்று, நடுவில் சாம்பல் நிறமே இல்லாமல் கத்தியால் வெட்டியது போல நிற்கும். பளபளக்கும் உலோகத்துக்குத் தனி நிறம் இல்லை, சுற்றியிருப்பதைத்தான் அது காட்டுகிறது. எனவே பம்பரின் மேல்பாதியில் வானம் தெரிவதாகக் கொண்டு வெறுமையாக விடுங்கள். நடுவில் 4பி பென்சிலால் ஒரு கூரிய கருங்கோடு. அதற்குக் கீழே சாலையின் சாம்பல், விளிம்பை நெருங்க நெருங்க வெளிறட்டும். ஹெட்லைட் வளையங்களுக்கும் இதே முறைதான்.

கடைசியாக, அக்கா மகன் கேட்ட இடம். காரின் நிழல் வலப்பக்கமும் பின்பக்கமும் சரிவை ஒட்டி விழ வேண்டும். 2பி பென்சிலால் அதன் முழு வடிவத்தையும் இட்டு, வெளி விளிம்பைச் சற்று மங்கலாக விடுங்கள். பிறகு 6பி பென்சிலைக் கூராகச் சீவி, டயர் தரையைத் தொடும் அந்தத் தட்டையான 2 மில்லிமீட்டருக்கு அடியில் மட்டும் படத்திலேயே மிகக் கரிய கோட்டைப் பதியுங்கள். ஒரே அழுத்தத்தில் பதித்தால் கிராபைட் மினுங்கி, சில கோணங்களில் சாம்பலாகத் தெரியும். மெல்லிய நான்கைந்து அடுக்குகளாக ஏற்றினால் மினுக்கம் குறையும். அந்தக் கோடு விழுந்ததும் கார் சட்டென்று சாலையில் உட்காருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பின் டயருக்கு அடியில் முன் டயரைவிட நீளமாக அதை இடுங்கள், எடை அங்கேதானே சரிந்திருக்கிறது.

மெத்தென்ற ரப்பரைப் பிசைந்து கூராக்கி, கூரையிலும் இரு கருவிழிகளிலும் இடப்பக்க மேல்புறத்தில் ஒவ்வொரு ஒளிப்புள்ளி எடுங்கள். பின்னணி மரங்களை எச் பென்சிலோடு நிறுத்திவிடலாம். மலையில் தூரத்து மரங்கள் எப்படியும் பனியில் கரைந்துதான் தெரியும். முடிந்த படத்தைச் சுருட்டாமல், மேலே ஒரு டிரேசிங் தாளை ஒட்டிக் கோப்பில் படுக்கவைத்துப் பாதுகாக்கவும். சுருட்டினால் 6பி இட்ட இடமெல்லாம் தாளின் பின்பக்கத்தில் பதிந்துவிடும்.