கல்லூரி மாணவர்கள் உளவள ஆலோசனையைப் பெறுவது எப்படி?

தொடர்ந்து இரண்டு வாரங்களாகத் தூக்கம் கெட்டிருக்கிறது, மெஸ்ஸில் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் சாப்பிடத் தோன்றவில்லை, அரியர் வைத்த பாடத்தின் புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால், ஆலோசகரைப் பார்ப்பதற்கு அதுவே போதுமான காரணம். என்னைவிடப் பெரிய துன்பத்தில் இருப்பவர்களுக்கு அல்லவா இது என்று எண்ணித் தள்ளிப்போட வேண்டாம். தொடக்கத்திலேயே பேசினால் சில அமர்வுகளில் தீரக்கூடியது, பருவத் தேர்வு நெருங்கும் வரை விட்டால் நீண்ட சிகிச்சையாக மாறிவிடக்கூடும்.

முதலில் உங்கள் கல்லூரியிலேயே ஆலோசகர் இருக்கிறாரா என்று கேளுங்கள். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்றும், அதைவிடச் சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களுடன் தொடர்பு வைத்திருக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் வழங்கியது. எனவே கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. டியூட்டரிடம் சொல்லி அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும் என்று யாரேனும் சொன்னால், நேரடியாக நேரம் வாங்க வழி உண்டா என்று விசாரியுங்கள். இன்டர்னல் மதிப்பெண் போடும் ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவரே ஆலோசகராகவும் இருப்பது சரியன்று. மதிப்பெண் அவர் கையில் இருக்கும்போது மாணவரால் மனம் திறந்து பேச முடியாது.

கல்லூரிக்குள் போக மனமில்லையெனில் வெளியே வழிகள் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு; காலையில் புறநோயாளி சீட்டு வாங்கிக்கொண்டு சென்றால் கட்டணமின்றிப் பார்க்கலாம். தொலைபேசியில் பேச விரும்புபவர்களுக்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 என்ற எண்ணையும் அழைக்கலாம். அறையில் நான்கு பேர் இருக்கும் விடுதியில் இப்படி ஓர் அழைப்பைச் செய்வது எளிதன்று. மாலையில் மைதானத்தின் ஓரமோ, ஆள் நடமாட்டம் குறைந்த வேளையில் மொட்டை மாடிப் படிக்கட்டோ, எங்கு தடங்கலின்றி அரை மணி நேரம் பேச முடியுமோ அந்த இடத்தை முன்னதாகவே தேர்ந்துகொள்ளுங்கள்.

போவதற்கு முன் ஒரு தாளில் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், எப்போது விழிக்கிறீர்கள், எத்தனை வகுப்புகளுக்குப் போகவில்லை, இது எப்போது தொடங்கியது, அந்தச் சமயத்தில் வீட்டிலோ கல்லூரியிலோ என்ன நடந்தது, சாக வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது வந்ததா. உள்ளே போனதும் பேச்சு வரவில்லையென்றால் தாளை அப்படியே நீட்டிவிடலாம். "எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, இரண்டு மாதமாக எதிலும் மனம் ஒட்டவில்லை" என்ற ஒரு வாக்கியமும் போதும். மீதியைக் கேட்டு வாங்குவது அவருடைய வேலை.

எதையும் சொல்லத் தொடங்குமுன் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "நான் சொல்வதில் எது என் வீட்டுக்கோ எச்.ஓ.டி.க்கோ போகும்?" மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையை வழங்குகிறது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்ற நிலை, நீதிமன்ற உத்தரவு போன்றவை மட்டுமே விலக்கு. 18 வயது நிறையாத முதலாண்டு மாணவருக்குப் பெற்றோரின் பங்கும் உண்டு. நல்ல ஆலோசகர் இவற்றை முதல் அமர்விலேயே விளக்கிவிடுவார். மழுப்பினால், அதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

அமர்வு பெரும்பாலும் முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை இருக்கும். முதல் நாளில் தீர்வு எதிர்பார்க்க வேண்டாம். மூன்று, நான்கு முறை போன பிறகே பலன் உண்டா என்று முடிவு செய்யலாம். ஆனால் காதலைக் கைவிடு, அப்பா அம்மாவின் கஷ்டத்தை நினைத்துப் பார் என்று அறிவுரை மட்டுமே கிடைத்தால் வேறொருவரை நாடுவதில் தவறில்லை. தன்பால் ஈர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்றித் தருவதாகச் சொல்பவரிடமிருந்து உடனே விலகுங்கள். அத்தகைய முயற்சிகளைத் தடை செய்து சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் உத்தரவிட்டிருக்கிறது.

ஆலோசகர் மனநல மருத்துவரிடம் அனுப்பினால், நிலைமை கைமீறிவிட்டது என்று பொருளில்லை. மருந்து எழுதும் தகுதி மருத்துவருக்கே உண்டு என்பதுதான் காரணம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். தேர்வு முடிந்ததென்று தாமாக நிறுத்திவிடக் கூடாது.

நண்பர் ஒருவர் உயிரை விட நினைப்பதாகச் சொன்னால், அதைப் பற்றி அவரிடம் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வளர்ந்துவிடாது. யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொண்டாலும் அந்த வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். ஆபத்து நெருங்கியதாகத் தோன்றினால் அவரைத் தனியே விடாமல் வார்டனுக்குத் தெரிவித்து, 108-ஐ அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடன் செல்லுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்பது 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு; ஆகவே காவல்துறைக்கு அஞ்சி மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அவர் விடுதிக்குத் திரும்பியதும், அடுத்த அமர்வுக்கு நேரம் வாங்கி அன்றைக்கு வாசல் வரை கூடவே நடந்து செல்லுங்கள்.