பெயரை அழித்தால் மட்டும் போதாது: சுகாதார ஆய்வுகளில் தனிப்பட்ட தரவைக் காப்பதில் நேரும் தவறுகள்

கொழும்பின் கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ முன்பின் அறியாத ஒரு வீட்டின் கதவைத் தட்டி, நீரிழிவு உண்டா, கடந்த மாதம் எத்தனை நாள் மது அருந்தினீர்கள், கருச்சிதைவு ஏற்பட்டதுண்டா என்றெல்லாம் கேட்கும் துணிச்சல் ஓர் ஆய்வாளருக்கு எங்கிருந்து வருகிறது? சொல்லப்படும் பதில் சொன்னவருக்கு எதிராகத் திரும்பாது என்று அவர் கொடுக்கும் வாக்கிலிருந்துதான். அந்த வாக்கை மீறுபவர் எங்கோ இருந்து கணினிக்குள் புகும் திருடர் என்றே பலரும் எண்ணுகிறார்கள். வீடு வீடாகச் செல்லும் ஆய்வுகளில் விடயம் வெளியேறுவது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்குத்தான். அதற்குக் கணினி தேவையே இல்லை. முதன்முறையாக வினாக்கொத்தைக் கையிலெடுக்கும் மாணவர்களையும் தொண்டர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு கேள்வி கேட்கும் இடத்தில் நடக்கிறது. வடகொழும்பில் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே பல இடங்களில் ஒரு பலகைச் சுவர்தான் இருக்கும். வாசற்படியில் நின்று கேட்கப்படும் கேள்வியைத் தண்ணீர்க் குழாயடியில் நிற்பவர்களும் சேர்ந்தே கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஸ்டெப்ஸ்’ முறையில் இலங்கையில் 2006, 2015, 2021 ஆகிய ஆண்டுகளில் தொற்றா நோய்கள் பற்றிய தேசிய ஆய்வுகள் நடந்தன. கேள்விகள், உடல் அளவீடுகள், குருதிப் பரிசோதனை என்று மூன்று படிகள் கொண்ட அந்த முறையில், விடைகள் அச்சிடப்பட்ட அட்டையைக் காட்டிப் பதிலளிப்பவரைத் தெரிவுசெய்யச் சொல்லும் வழக்கம் உண்டு. ஒவ்வொரு விடைக்கும் இலக்கம் கொடுத்து, வாயால் சொல்லாமல் விரலால் தொட்டுக் காட்டச் செய்தால் சுவருக்கு அப்பால் எதுவும் போகாது. செலவில்லாத இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டு, குருதி அமுக்கத்தை அளந்தவுடன் “ஐயோ, நூற்றெண்பதுக்கு மேல் இருக்கிறதே அம்மா!” என்று முற்றத்தில் நின்று உரக்கச் சொல்லிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அளவீடும் தரவுதான் என்பதைப் பயிற்சியிலேயே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு இன்னும் கவலை தருவது மொழிபெயர்ப்பு. தமிழ் பேசும் வீட்டுக்குத் தமிழ் தெரியாத கணக்கெடுப்பாளர் வந்து நிற்கும்போது, சிங்களம் நன்றாகப் பேசும் பாடசாலைப் பிள்ளை ஒன்றையோ எதிர்வீட்டுப் பெண்ணையோ அழைத்து இடையில் நிறுத்துவது எல்லோருக்கும் இயல்பான உதவியாகவே தோன்றுகிறது. ஆனால் தன் தாயிடம் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய கேள்வியை ஒரு பன்னிரண்டு வயது மகன் மொழிபெயர்க்கும் அந்த நிமிடத்தில் இரகசியம் குலைவதோடு விடையின் உண்மையும் போய்விடுகிறது. அந்தத் தாய் “ஒன்றுமில்லை” என்று சொல்லி முடித்துவிடுவார். தமிழ் வினாக்கொத்தும் தமிழ் பேசும் கணக்கெடுப்பாளரும் அந்த வீட்டுக்குச் செய்யும் சலுகை அல்ல, தரவுப் பாதுகாப்பின் ஒரு பகுதி. ஆள் கிடைக்காத நாளில் அந்த வீட்டை விட்டு இன்னொரு நாள் திரும்பி வருவதே முறை.

வீட்டு வன்முறை போன்ற விடயங்களில் இந்தக் கவனம் உயிரோடு தொடர்புடையது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்படி, ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே இக்கேள்விகள் கேட்கப்பட வேண்டும். வீட்டாரிடமும் அயலாரிடமும் இது வன்முறை பற்றிய ஆய்வு என்று அறிவிக்கக் கூடாது. பேச்சின் நடுவே யாராவது உள்ளே வந்தால் உடனே மாற்றிக்கொள்வதற்குச் சமையல், உணவு போன்ற சாதாரணக் கேள்விகள் ஆயத்தமாக இருக்க வேண்டும். 2019இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய பெண்கள் நலன் பற்றிய ஆய்வில், துணைவரோடு வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் அத்துணைவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார். தனிமையில் கேட்கும் ஏற்பாடு இல்லாமல் இத்தகைய விடை கிடைத்திருக்காது.

வீடுகளைக் காட்டுவதற்குக் கிராம உத்தியோகத்தரையோ குடும்பநல உத்தியோகத்தரையோ அழைத்துச் செல்வதில் பிழையில்லை. அறிமுகம் முடிந்த பிறகும் அவரைப் பக்கத்தில் உட்கார வைப்பதுதான் பிழை. அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு நின்றுவிடுமோ, பதிவில் ஏதேனும் மாறுமோ என்ற அச்சம் இருக்கும் வீட்டில் அரச உத்தியோகத்தர் ஒருவரின் முன்னிலையில் சொல்லப்படும் பதில், ஆய்வுக்காகச் சொல்லப்படுவதாக இராது. அந்த அச்சத்தைத் தெளிவுபடுத்தாமல், “பதில் சொன்னால் ஏதாவது உதவி வரலாம்” என்று குறிப்புக் காட்டி ஆட்களைச் சேர்ப்பவர் பெற்றுக்கொள்வதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. அதேபோல், கணக்கெடுப்பாளரை அவருடைய சொந்தத் தோட்டத்துக்கே அனுப்புவதும் வசதியாகத் தெரியும் தவறு. பஸ் காசு மிச்சமாகும், ஆனால் அவர் அடுத்த நாளும் அதே மக்கள் நடுவில்தான் இருப்பார்.

சம்மதப் படிவத்தில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. “உங்கள் விவரம் ஒருவருக்கும் ஒருபோதும் தெரியாது” என்று அளவுக்கு மீறி வாக்களிப்பது ஒன்று. மேற்பார்வையாளர் பார்ப்பார், தரவைப் பதிபவர் பார்ப்பார், சில வீடுகளைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் வருவார். இவை யாவும் நியாயமானவை, ஆனால் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டியவை. பரிசோதனையில் தொற்று நோயொன்று தெரியவந்தால், 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அறிவிக்க வேண்டிய நோய்கள் உண்டு என்பதையும் மறைத்தல் ஆகாது. மற்றப் பிழை, பெயரும் முகவரியும் கையொப்பமும் கொண்ட சம்மதப் படிவத்தை வினாக்கொத்தின் முதல் பக்கமாகவே சேர்த்துத் தைத்துவிடுவது. காப்பதற்காக உருவான தாள் இப்படிக் காட்டிக்கொடுக்கும் தாளாகிவிடுகிறது. இரண்டும் வெவ்வேறு உறையில், வெவ்வேறு அலுமாரியில் இருக்க வேண்டும்.

இனி, தலைப்பில் சொன்ன விடயம். பெயர் இருந்த நிரலை அழித்துவிட்டால் தரவு அநாமதேயமாகிவிட்டது என்று நம்பி, ஆளை வேறுபடுத்துவதற்காகத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் விட்டுவைப்பவர்கள் உண்டு. பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டுபவை. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். ஆகவே 85562 என்று தொடங்கும் இலக்கத்தைக் கண்ட எவரும், 1985 மார்ச் மாதத் தொடக்கத்தில் பிறந்த ஒரு பெண் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையிலும் ஆண்டு நான்கு இலக்கமாக நீண்டதே தவிர இந்த அமைப்பு மாறவில்லை. நம் நாட்டு அடையாள இலக்கம் வெறும் இலக்கமல்ல, ஒரு சிறு வாழ்க்கைக் குறிப்பு.

பிறந்த திகதி அவ்வளவு ஆபத்தானதா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1990களில் மசாசூசெட்ஸ் மாநிலம் தன் ஊழியர்களின் வைத்தியசாலைப் பதிவுகளைப் பெயர், முகவரி நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. அப்போது மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டொலருக்கு வாங்கி இரண்டையும் ஒப்பிட்டார். ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த திகதியைக் கொண்டவர்கள் அந்தப் பட்டியலில் ஆறு பேர், அவர்களுள் ஆண்கள் மூவர், அவருடைய அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் வாழ்ந்தவர் அவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவப் பதிவு ஸ்வீனியின் கைக்கு வந்துவிட்டது. பிறந்த திகதி, பால், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அமெரிக்கர்களில் 87 வீதமானோர் தனித்துத் தெரிவார்கள் என்று அவர் பின்னர் கணக்கிட்டார். கொழும்பில் அஞ்சல் குறியீட்டின் இடத்தில் கிராம உத்தியோகத்தர் பிரிவை வைத்துப் பாருங்கள். சில ஆயிரம் பேர் கொண்ட ஒரு பிரிவில் தொழிலையும் மதத்தையும் சேர்த்துவிட்டால் திகதியே தேவைப்படாது. பிறந்த திகதிக்குப் பதிலாக ஐந்தாண்டு வயதுப் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குப் பதிலாகப் பிரதேச செயலகம் என்று விவரத்தைப் பருமனாக்கிக் கொண்டாலே ஆய்வுக்கு வேண்டியது பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இடக்குறியும் இவ்வாறே. கைக்கணினி தானாகப் பதியும் அகலாங்கும் நெட்டாங்கும் வீட்டு வாசலையே காட்டிவிடும். பல நாடுகளில் நடக்கும் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வுத் திட்டத்தில், வீடுகளின் இடக்குறிகளை வெளியிடாமல் அயல் வீடுகள் சேர்ந்த ஒரு கொத்துக்கு ஒரு புள்ளி மட்டும் வைத்து, அதையும் நகரமாயின் 2 கிலோமீற்றர் வரையும் கிராமமாயின் பெரும்பாலும் 5 கிலோமீற்றர் வரையும் எழுந்தமானமாக நகர்த்திய பிறகே வெளியிடுகிறார்கள். வெள்ளவத்தையில் மேற்குப் பக்கம் நகர்த்தினால் புள்ளி கடலுக்குள் போய்விடும் என்பது வேறு விடயம். அத்தகைய எல்லைகளையும் கவனித்தே நகர்த்த வேண்டும்.

அறிக்கை எழுதும் கட்டத்தில் ஆபத்து அட்டவணைக்குள் ஒளிந்திருக்கும். “இப்பிரிவில் காசநோய்ச் சிகிச்சை பெறுவோர்: 1” என்று ஒரு கட்டம் இருந்தால், அந்த ஒருவர் யாரென்று தோட்டத்திலுள்ள எல்லோருக்கும் தெரியும். ஐந்துக்குக் குறைவான எண்களை மறைப்பது பொதுவான வழக்கம். ஆனால் ஒரு கட்டத்தை மட்டும் மறைத்து, கூட்டுத்தொகை 27 என்றும் ஏனைய கட்டங்கள் 11, 13 என்றும் அப்படியே விட்டால், மறைத்தது 3 என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் கழித்துச் சொல்லும். இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைக்க வேண்டும், அல்லது பிரிவுகளை ஒன்றாக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவையும் சிறுவர்களின் தரவையும் சிறப்புப் பாதுகாப்பு வேண்டிய வகையாக வைத்திருக்கிறது. அச்சட்டம் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்டது என்பதைச் சாட்டாக வைத்து அதுவரை எதுவும் செய்யலாம் என்று நினைப்பது தவறு. ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதியில் எழுதிக்கொடுத்த நிபந்தனைகள் முதல் நாளிலிருந்தே கட்டுப்படுத்தும்.

கருவிகளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. நிரப்பிய படிவத்தைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் அனுப்புவதை முற்றாக நிறுத்த வேண்டும். மேற்பார்வையாளர் “உடனே அனுப்புங்கள்” என்று கேட்பதால்தான் இது நடக்கிறது, ஆகவே நிறுத்த வேண்டியவரும் அவரே. பெயருக்குப் பதிலாகக் கொடுக்கும் குறியீட்டு இலக்கத்தையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் தரவு இருக்கும் மடிக்கணினியிலேயே இருந்தால், பூட்டோடு திறப்பையும் தொங்கவிட்டது போலாகும்.

கதவைத் திறப்பவருக்கும் ஒரு சொல். வந்தவரின் அடையாள அட்டையையும் நிறுவனத்தின் கடிதத்தையும் கேட்டுப் பார்ப்பது மரியாதைக் குறைவல்ல. வங்கிக் கணக்கு இலக்கத்தையோ கைப்பேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையோ எந்தச் சுகாதார ஆய்வும் கேட்பதில்லை. விரும்பாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் அடுத்ததற்குப் போகச் சொல்லலாம். இடையில் நிறுத்தவும் செய்யலாம்.

கடைசியாகக் கடதாசி. ஆய்வு முடிந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் வினாக்கொத்துப் பெட்டிகள் அலுவலகத்தில் இடத்தை அடைக்கத் தொடங்கும். யாராவது பழைய பேப்பர் வாங்குபவரை அழைத்துவிடுவார். கொழும்பில் கடலையும் வடையும் எத்தகைய தாளில் சுற்றித் தரப்படுகின்றன என்பதைச் சாப்பிட்டு முடித்த பின் விரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பரீட்சைத் தாள், கணக்குப் பேரேடு, அலுவலகக் கடிதம். ஆகவே எந்தத் தாள் எந்தத் திகதியில், யாருடைய முன்னிலையில், எந்த முறையில் அழிக்கப்படும் என்பதை முதல் வீட்டின் கதவைத் தட்டுவதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தில் எழுதிவைத்து, பெயர்ப் பட்டியலை எல்லாவற்றுக்கும் முதலில் அழிக்க வேண்டும்.