ட்ரிக்கருக்குள்ள இருந்து ரூட்டரை கூப்பிடாதீங்க: பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்ன ஊர்ல ரெண்டாயிரம் மூவாயிரம் கனெக்ஷன் வச்சிருக்கிற லோக்கல் பிராட்பேண்ட்காரங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதுனவங்களுக்கு தெரியும், அவங்க முதல்ல கேக்குற வசதி எப்பவும் ஒண்ணுதான். காசு கட்டுன உடனே நெட் வரணும், கட்டலைன்னா தானா கட் ஆகணும். அதாவது டேட்டாபேஸ்ல ஒரு ரோ மாறுனா, எங்கயோ ஒரு மாடி ரூம்ல இருக்கிற ரூட்டர் அதுக்கு ஏத்த மாதிரி நடந்துக்கணும்.

இதுக்கு கைக்கு சுலபமா கிடைக்கிறது டேட்டாபேஸுக்குள்ள இருந்தே வெளி சர்வரை கூப்பிடுற லைப்ரரி ஃபங்ஷன்கள். மைஎஸ்க்யூஎல்ல யூடிஎஃப் (நாமளா வெளிய இருந்து சேர்க்கிற ஃபங்ஷன்) லைப்ரரியா வர்ற சிஸ்_எக்ஸெக், சிஸ்_ஈவால், ஆரக்கிள்ல யூடிஎல்_ஹெச்டிடிபி, எஸ்க்யூஎல் சர்வர்ல எக்ஸ்பி_சிஎம்டிஷெல், போஸ்ட்க்ரெஸ்ல காப்பி கமாண்டோட ப்ரோக்ராம் ஆப்ஷன். பேமென்ட் டேபிள்ல ஒரு ட்ரிக்கர் (டேபிள்ல ரோ மாறும்போது தானா ஓடுற கோட்) போட்டு அதுக்குள்ள இந்த ஃபங்ஷனை கூப்பிட்டா முடிஞ்சுது, பத்து வரியில வேலை ஆகிடும், டெமோ காட்டும்போது ஓனர் முகத்துல ஒரு சந்தோஷம் தெரியும். நானும் முதல்ல எழுதுனது இப்படித்தான், மைஎஸ்க்யூஎல்லும் ஃப்ரீரேடியஸும் (யாரை நெட்டுக்குள்ள விடலாம்னு சொல்ற ரேடியஸ் சர்வர் சாஃப்ட்வேர்) வச்சு. அதுனால இங்க சொல்ற உதாரணம் முக்கால்வாசி அதுல இருந்துதான் வரும்.

முதல்ல அந்த பக்கம் என்ன நடக்குதுன்னு சுருக்கமா பார்த்துடுவோம். கஸ்டமர் வீட்டு ரூட்டர் லாகின் பண்ணும்போது நம்ம மெயின் ரூட்டர் ரேடியஸ் சர்வரை கேக்கும், ரேடியஸ் நம்ம டேட்டாபேஸை பார்த்து யார், என்ன ப்ளான், என்ன ஸ்பீடுன்னு பதில் சொல்லும். இது யூடிபி (போய்ச் சேர்ந்துதான்னு உறுதி இல்லாம மெசேஜ் அனுப்புற முறை) 1812 போர்ட்ல நடக்கும். ஆனா ஒருத்தர் ஏற்கனவே ஆன்லைன்ல இருந்தா அவர் திரும்ப லாகின் பண்ற வரைக்கும் ரூட்டர் நம்மள கேக்காது, அதுனால நாமளா போய் ரூட்டர்கிட்ட "இவரை டிஸ்கனெக்ட் பண்ணு"ன்னோ "இவர் ஸ்பீடை மாத்து"ன்னோ சொல்லணும். அதுக்குன்னு 2008ல வந்த ஆர்எஃப்சி 5176ங்கிற இன்டர்நெட் விதி ஆவணம் ஒரு வழி சொல்லுது, யூடிபி 3799 போர்ட். ஃப்ரீரேடியஸ் கூடவே வர்ற ரேட்க்ளையன்ட்னு ஒரு கமாண்ட் இந்த மெசேஜை அனுப்பும். நம்ம ட்ரிக்கர் சிஸ்_எக்ஸெக் மூலமா கூப்பிடுறது இதைத்தான்.

இப்ப தவறுக்கு வருவோம். ரொம்ப பெருசு, மத்த எல்லாத்துக்கும் வேர், அந்த ட்ரிக்கரேதான்.

ஒரு சாயங்காலம் நல்ல மழை, ஒரு பக்கத்து கிராமத்துல கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் தீர்ந்து அங்க இருக்கிற ரூட்டர் ஆஃப். அந்த கிராமத்து கஸ்டமர் ஒருத்தர் டவுன் கவுன்டர்ல வந்து 590 ரூபாய் கட்டுறார், 500 ப்ளான், 18 சதவீதம் ஜிஎஸ்டி. கவுன்டர்ல இருக்கிற அக்கா சேவ் அமுக்குறாங்க. ட்ரிக்கர் ஓடுது, முதல்ல "இன்னைக்கு கலெக்ஷன்" டேபிள்ல இருக்கிற ஒரே ஒரு ரோவை அப்டேட் பண்ணுது, அப்புறம் ரேட்க்ளையன்டை கூப்பிடுது. ரூட்டர் செத்துக் கிடக்கு, யூடிபி ஆச்சே, மறுத்து பதில் சொல்லவும் அங்க யாரும் இல்ல, ரேட்க்ளையன்ட் காத்திருந்து திரும்ப அனுப்புது, திரும்ப காத்திருக்குது. அவ்வளவு நேரமும் அந்த கலெக்ஷன் ரோ மேல லாக் இருக்கு, வேற யாரும் அதை மாத்த முடியாது. அடுத்த கவுன்டர்ல டவுன்காரர் ஒருத்தர் காசு கட்டுறார், அவருக்கும் அந்த கிராமத்து ரூட்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா அவர் பேமென்டும் அதே ரோவுக்காக க்யூல நிக்குது. ஸ்க்ரீன் சுத்துறதை பார்த்து அக்கா திரும்ப சேவ் அமுக்குறாங்க, அது இன்னொரு கனெக்ஷன். ஆன்லைன் பேமென்ட் கேட்வே அனுப்புற தகவலும் அங்கயே வந்து நிக்குது. மைஎஸ்க்யூஎல்லுக்குள்ள டேட்டாவை வச்சு பார்த்துக்கிற இன்னோடிபி, லாக்குக்காக டிஃபால்ட்டா 50 செகண்ட் காத்திருந்துட்டு 1205 எர்ரர் குடுக்கும், மைஎஸ்க்யூஎல்லோட டிஃபால்ட் மேக்ஸ் கனெக்ஷன் 151. அன்னைக்கு அந்த 151ம் நிரம்பிடுச்சு. அதுக்கப்புறம் ரேடியஸ் சர்வர் புதுசா கனெக்ஷன் கேட்டப்போ அதுக்கும் இடம் இல்ல, மழையில ஆஃப் ஆகி ஆன் ஆன வீடுங்க எதுவும் லாகின் ஆகல. ஒரு கிராமத்து ரூட்டர் ஆஃப் ஆனதுக்கு ஊர் முழுக்க நெட் இல்ல.

அந்த 1205ல இன்னொரு விஷயம் இருக்கு, நிறைய பேர் கவனிக்கிறதில்ல. டிஃபால்ட் செட்டிங்ல அந்த எர்ரர் வந்தா மைஎஸ்க்யூஎல் கடைசி ஸ்டேட்மென்டை மட்டும்தான் திருப்பும், மொத்த ட்ரான்ஸாக்ஷனையும் (ஒண்ணா சேர்ந்து நடக்க வேண்டிய ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும்) இல்ல. அப்ளிகேஷன் அந்த எர்ரரை முழுங்கிட்டு கமிட் பண்ணுச்சுன்னா, அதாவது மாத்துனதை நிரந்தரமா சேமிச்சுதுன்னா, பில்லை "கட்டியாச்சு"ன்னு மாத்துன முந்தைய ஸ்டேட்மென்ட் உள்ள போயிடும், ரசீது மட்டும் இருக்காது. மாசக் கடைசியில கணக்கு இடிக்கும்போதுதான் தெரியும். 1205 வந்தா நீங்களே ரோல்பேக் (எல்லாத்தையும் பழைய நிலைக்கு திருப்புறது) சொல்லிட்டு முதல்ல இருந்து ஆரம்பிங்க.

சரி, ரூட்டர் நல்லா இருந்தா ட்ரிக்கர் பரவாயில்லையான்னா, அப்பவும் தப்புதான், இன்னும் நுணுக்கமான தப்பு. ட்ரிக்கர் ஓடுற நேரத்துல ட்ரான்ஸாக்ஷன் இன்னும் கமிட் ஆகல. ஆனா புது ப்ளான்ல திரும்ப லாகின் ஆகட்டும்னு அனுப்புற டிஸ்கனெக்ட் மெசேஜ் வெளிய போயிடுச்சு. ரூட்டர் கஸ்டமரை வெட்டி விடுது, அவர் வீட்டு ரூட்டர் உடனே திரும்ப டயல் பண்ணுது, ரேடியஸ் டேட்டாபேஸை பார்க்குது, நம்ம கமிட் இன்னும் வராததால அதுக்கு தெரியறது பழைய ப்ளான். பழைய ஸ்பீடையே குடுத்து உள்ள விட்டுடும். கஸ்டமர் 100 எம்பிக்கு காசு கட்டிட்டு 40 எம்பியில உக்காந்திருப்பார், நம்ம ஸ்க்ரீன்ல எல்லாம் சரியா காட்டும், போன் பண்ணா "ரூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ன்னு சொல்லுவோம், சரியாயிடும், அதுனால யாரும் காரணத்தை தேட மாட்டாங்க. இப்படியே மாசக்கணக்கா ஓடுன சிஸ்டத்தை நான் பார்த்திருக்கேன். பேமென்ட் ரோல்பேக் ஆனா கதை இன்னும் மோசம், டேட்டாபேஸ் பழைய நிலைக்கு போயிடும், ரூட்டருக்கு போன மெசேஜ் போனது போனதுதான். ரோல்பேக் நம்ம டேபிளோட நின்னுடும், கேபிளைத் தாண்டிப் போகாது.

அப்ப என்ன பண்ணணும்னா, ட்ரிக்கரோ அப்ளிகேஷனோ ரூட்டரை தொடவே கூடாது, "இந்த வேலை பாக்கி இருக்கு"ன்னு ஒரு டேபிள்ல ஒரு ரோ எழுதிட்டு நிறுத்திக்கணும், அவ்வளவுதான். பேமென்ட் கமிட் ஆனா அந்த ரோவும் கமிட் ஆகும், ரோல்பேக் ஆனா அதுவும் காணாம போயிடும். வெளிய தனியா ஓடுற ஒரு சின்ன ப்ரோக்ராம், ஒர்க்கர்னு வச்சுக்குவோம், அந்த டேபிளை பார்த்து ஒவ்வொண்ணா ரூட்டருக்கு அனுப்பும். யார், எந்த ரூட்டர், என்ன நிலைக்கு வரணும், எத்தனை தடவை முயற்சி பண்ணாச்சு, அடுத்து எப்போ, ரூட்டர் கடைசியா என்ன சொல்லுச்சு, ஆரம்பிக்க இந்த ஆறு காலம் (column) இருந்தா போதும். கிராமத்து ரூட்டர் செத்தா அந்த கிராமத்து ரோ மட்டும் காத்திருக்கும்.

ஒர்க்கர் எழுதும்போதும் அதே தப்பை வேற வடிவத்துல பண்றவங்க உண்டு. ரோவை ஃபார் அப்டேட் போட்டு, அதாவது லாக் பண்ணி எடுத்து, அந்த லாக்கை வச்சுக்கிட்டே ரூட்டரை கூப்பிடுறது. வேண்டாம். ரோவை "எடுத்தாச்சு"ன்னு மாத்தி நேரம் குறிச்சு கமிட் பண்ணுங்க, அப்புறம் ட்ரான்ஸாக்ஷன் எதுவும் இல்லாம ரூட்டர்கிட்ட பேசுங்க, பதிலை இன்னொரு சின்ன ட்ரான்ஸாக்ஷன்ல எழுதுங்க. நடுவுல ஒர்க்கர் செத்துப் போனா ரோ "எடுத்தாச்சு"லயே தொங்கும், அஞ்சு நிமிஷத்துக்கு மேல அப்படி இருந்தா திரும்ப எடுக்கிற மாதிரி வைங்க. ரெண்டு மூணு ஒர்க்கர் ஓட்டணும்னா ஸ்கிப் லாக்ட் (மத்தவங்க லாக் பண்ணின ரோவை தாண்டி அடுத்ததை எடுக்கிறது) உதவும், மைஎஸ்க்யூஎல் 8லயும் போஸ்ட்க்ரெஸ் 9.5ல இருந்தும் இருக்கு.

திரும்ப எடுக்கிறதுன்னா ஒரே வேலை ரெண்டு தடவை நடக்கலாம்னு அர்த்தம். அதுனால டேபிள்ல "ஸ்பீடை ஏத்து"ன்னு எழுதாதீங்க, "ஸ்பீடு 100 ஆக இருக்கணும்"னு எழுதுங்க. எத்தனை தடவை அனுப்பினாலும் முடிவு ஒண்ணுதான். பதில்லயும் இதே யோசனை வேணும். ஒருத்தரை டிஸ்கனெக்ட் பண்ணச் சொன்னதுக்கு ரூட்டர் நேக் (முடியாதுங்கிற பதில்) அனுப்பி காரணம் 503னு சொல்லுச்சுன்னா, அப்படி ஒரு செஷனே இல்லைன்னு அர்த்தம். யூசர்நேமையும் செஷன் ஐடியையும் சரியா அனுப்பியிருந்தா அந்த ஆள் ஏற்கனவே ஆன்லைன்ல இல்ல, நமக்கு வேண்டியது நடந்தாச்சு, அதை ஃபெயிலியர்னு நினைச்சு நூறு தடவை திரும்ப அனுப்பாதீங்க. 402 வந்தா கதை வேற, மெசேஜ்ல ஏதோ ஆட்ரிப்யூட் விட்டுப் போச்சு, ஆயிரம் தடவை அனுப்பினாலும் அதே பதில்தான் வரும், உடனே நிறுத்திட்டு மனுஷனுக்கு சொல்லுங்க.

சிஸ்_எக்ஸெக்கை இன்னும் எங்கயாவது விட்டு வச்சிருந்தா, அதோட ரிட்டர்ன் வேல்யூவை படிக்கிறதுல ஒரு குழப்பம் வரும். அது உள்ள கூப்பிடுறது சி லைப்ரரியோட சிஸ்டம் ஃபங்ஷன், அது குடுக்கிறதை அப்படியே திருப்பும். லினக்ஸ்ல கமாண்ட் 1ன்னு எக்ஸிட் ஆனா உங்களுக்கு வர்றது 256. 1ஆன்னு செக் பண்ற கோட் எப்பவும் "இல்ல"ன்னு சொல்லி ஃபெயிலியரை விட்டுடும்.

இதைவிட பெரிய ஆபத்து, கமாண்டை ஸ்ட்ரிங்கா ஒட்டி ஒட்டி கட்டுறது. கஸ்டமர் பேர்ல ஒரு ஒற்றை மேற்கோள் வந்தாலே கமாண்ட் உடையும், டிசோசாங்கிற பேரை இங்கிலீஷ்ல டி போட்டு மேற்கோள் போட்டு எழுதுவாங்கல்ல, அது போதும். வேணும்னே ஒருத்தன் யூசர்நேம்ல செமிகோலன் போட்டு பின்னாடி வேற கமாண்ட் எழுதுனா அது உங்க சர்வர்ல மைஎஸ்க்யூஎல் யூசரா ஓடும். எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் கிடைச்சவன் அடுத்து ஷெல்லுக்கு போக தேடுறதே இந்த யூடிஎஃப் ஃபங்ஷன்களைத்தான், எஸ்க்யூஎல்மேப் மாதிரி டூல்ல அதுக்குன்னே வசதி இருக்கு. நாமளே அதை இன்ஸ்டால் பண்ணி கதவை திறந்து வைக்கக் கூடாது. ரேடியஸ் சீக்ரெட்டை (ரூட்டருக்கும் சர்வருக்கும் பொதுவான பாஸ்வேர்ட்) கமாண்ட் லைன்ல போட்டா அது ஓடுற நேரத்துல பிஎஸ் (ஓடுற ப்ரோக்ராம்களை காட்டுற கமாண்ட்) அடிக்கிற யாருக்கும் தெரியும், ட்ரிக்கருக்குள்ள எழுதுனா நீங்க எடுக்கிற ஒவ்வொரு டம்ப் ஃபைல்லயும் போகும். ரேட்க்ளையன்ட்ல சீக்ரெட்டை ஃபைல்ல இருந்து படிக்க ஆப்ஷன் இருக்கு, அதை யூஸ் பண்ணுங்க.

மைஎஸ்க்யூஎல்ல ட்ரிக்கர் ரோவுக்கு ரோ ஓடும், ஸ்டேட்மென்டுக்கு ஒண்ணுன்னு கிடையாது. ஒண்ணாம் தேதி ஒரே அப்டேட்ல 1,800 பேர் ப்ளானை மாத்துனா 1,800 தடவை ஷெல் திறக்கும். ரெப்ளிகா (டேட்டாபேஸோட நகலா ஓடுற இன்னொரு சர்வர்) வச்சிருக்கிறவங்க இன்னொண்ணும் பாருங்க, மாத்தங்களை ரெப்ளிகாவுக்கு அனுப்புற பின்லாக் ஸ்டேட்மென்ட் முறையில இருந்தா ட்ரிக்கர் ரெப்ளிகாலயும் ஓடும், ரூட்டருக்கு ரெண்டு பக்கம் இருந்தும் மெசேஜ் போகும். 5.7.7ல இருந்து டிஃபால்ட் ரோ முறை, பழைய கான்ஃபிக் ஃபைலை அப்படியே காப்பி பண்ணி வச்சிருந்தா அது உதவாது.

எனக்கு மறக்கவே முடியாத ஒண்ணு சொல்றேன். லைவ் பேக்கப்பை டெஸ்ட் சர்வர்ல ஏத்தி, புது ரிப்போர்ட் ஒண்ணு சோதிக்கிறதுக்காக எல்லா சர்வீஸையும் ஸ்டார்ட் பண்ணேன், ஒர்க்கரும் ஸ்டார்ட் ஆச்சு. பேக்கப் எடுத்தது முந்தின நாள் ராத்திரி, அப்போ பாக்கியில இருந்த டிஸ்கனெக்ட் ரோ எல்லாம் உள்ள இருக்கு, ரூட்டர் ஐபியும் நிஜ ஐபி. காலையில காசு கட்டிட்டு நெட் யூஸ் பண்ணிட்டிருந்தவங்களை என் டெஸ்ட் மெஷின் ஒவ்வொருத்தரா வெட்டி விட்டுச்சு. ஆன்லைன் க்ளாஸ்ல இருந்த ஒரு பொண்ணோட அப்பா போன் பண்ணி கேட்டப்போதான் எனக்கு புரிஞ்சுது. அதுக்கப்புறம் ரூட்டர் ஐபியும் சீக்ரெட்டும் டேட்டாபேஸ்ல வைக்கிறதே இல்ல, லைவ் ஒர்க்கர் மெஷினோட ஃபைல்ல மட்டும்தான் இருக்கும். டேட்டாபேஸ்ல ரூட்டருக்கு ஒரு பேர் மட்டும். டெஸ்ட் மெஷினுக்கு அந்த பேர் யாருன்னே தெரியாது. ரூட்டர்லயும் 3799க்கு ஒர்க்கர் ஐபியை மட்டும் அனுமதிச்சு வச்சிருக்கோம்.

மத்த டேட்டாபேஸ்காரங்களுக்கு சுருக்கமா. ஆரக்கிள்ல 11ஜில இருந்து ஏசிஎல் (எந்த ஹோஸ்டுக்கு போகலாம்னு சொல்ற அனுமதி லிஸ்ட்) குடுக்காம வெளிய போக முடியாது, ஓஆர்ஏ-24247 வரும், அதைப் பார்த்து கடுப்பாகி எல்லா ஹோஸ்டுக்கும் நட்சத்திரக் குறி போட்டு திறந்து விடுறாங்க, அப்படி பண்ணாதீங்க, போக வேண்டிய ஒரு ஹோஸ்ட், ஒரு போர்ட் மட்டும் போடுங்க. யூடிஎல்_ஹெச்டிடிபியில ரெஸ்பான்ஸை மூடணும், எர்ரர் வந்து எக்ஸெப்ஷன் பக்கம் போனாலும் மூடணும், இல்லைன்னா அஞ்சு ரிக்வெஸ்டுக்கு அப்புறம் ஓஆர்ஏ-29270. டைம்அவுட் டிஃபால்ட் 60 செகண்ட், கவுன்டர்ல ஒருத்தர் நிக்கிற இடத்துல அது ரொம்ப அதிகம். எஸ்க்யூஎல் சர்வர்ல எக்ஸ்பி_சிஎம்டிஷெல் 2005 வெர்ஷன்ல இருந்து ஆஃப்லதான் வருது, ஆஃப்லயே இருக்கட்டும். போஸ்ட்க்ரெஸ்ல நோட்டிஃபை ரொம்ப நல்ல விஷயம், கமிட் ஆனாத்தான் மெசேஜ் போகும், நம்ம ஒர்க்கரை எழுப்ப சரியா பொருந்தும். ஆனா கேட்டுக்கிட்டிருக்கிற ஒர்க்கர் அந்த நேரத்துல கனெக்ட் ஆகலைன்னா அந்த மெசேஜ் போச்சு, அதுனால எழுப்புறதுக்கு மட்டும் வச்சுக்குங்க, வேலை என்னன்னு டேபிள்ல இருந்துதான் படிக்கணும்.

கடைசியா கட் பண்ற நேரம். எக்ஸ்பைரி ராத்திரி 12 மணின்னு வச்சு அந்த நிமிஷமே எல்லாரையும் வெட்டுறாங்க. 12 மணிக்கு கட் ஆனா கவுன்டர் பூட்டியிருக்கும், போன் எடுக்க ஆள் இருக்காது, வெட்டுன நூறு இருநூறு வீட்டு ரூட்டரும் விடாம டயல் பண்ணி ரேடியஸை விடிய விடிய தட்டிக்கிட்டே இருக்கும். நாங்க காலையில 10 மணிக்கு ஆரம்பிச்சு செகண்டுக்கு ரெண்டு பேரா வெட்டுற மாதிரி ஒர்க்கர்ல வச்சோம், பத்து மணி நேரம் கூடுதலா நெட் குடுத்ததுல கம்பெனிக்கு பெருசா ஒண்ணும் குறையல. ராத்திரி 3 மணிக்கு ஒர்க்கர் ஒவ்வொரு ரூட்டர்லயும் ஆன்லைன்ல இருக்கிறவங்க லிஸ்டை எடுத்து டேட்டாபேஸோட ஒப்பிடும், கரண்ட் போய் முடிவு நேரம் எழுதப்படாம தொங்குற செஷன்களை மூடும், ஏன்னா அதை மூடலைன்னா ஒரே லாகின்தான்னு கட்டுப்பாடு இருக்கிற கஸ்டமர் உள்ளயே வர முடியாது. ஒத்துப் போகாத மீதி பேர் லிஸ்ட் காலையில 9 மணிக்கு கவுன்டர் அக்கா ஸ்க்ரீன்ல இருக்கும், கஸ்டமர் கூப்பிடுறதுக்கு முன்னாடி அவங்களே கூப்பிட்டுடுவாங்க.