தேங்காய் எண்ணெய் வாங்கும்போது லிட்டரா, கிலோவா?

பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு வட்டாரத்தில் செக்கு எண்ணெயை ஒரு கடையில் லிட்டர் கணக்கிலும் மற்றொரு கடையில் கிலோ கணக்கிலும் விற்பதுண்டு. இவ்விரண்டு விலைகளையும் அப்படியே ஒப்பிடக்கூடாது. லிட்டர் என்பது பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு, அதாவது 1,000 கன சென்டிமீட்டர். கிலோகிராம் என்பது அதன் நிறையின் அளவு. தண்ணீரில் ஒரு லிட்டர் ஏறத்தாழ ஒரு கிலோவாக இருப்பதால், எல்லாத் திரவங்களும் அப்படித்தான் என்ற எண்ணம் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது.

தேங்காய் எண்ணெயின் அடர்த்தி குறைவு. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் சுமார் 910 முதல் 920 கிராம் வரையே இருக்கும். ஆகவே லிட்டர் விலையை 0.91-ஆல் வகுத்தால் கிலோ விலை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, லிட்டர் 300 ரூபாய் என்றால் கிலோவுக்கு ஏறத்தாழ 330 ரூபாய் ஆகிறது. அடுத்த கடையில் கிலோ 320 ரூபாய் என்று சொன்னால், கேட்பதற்குக் கூடுதலாகத் தோன்றினாலும் அதுவே மலிவு.

என் கருத்தில் நிறையைப் பார்த்து வாங்குவதே நம்பகமானது. வெயிலில் எண்ணெய் விரிவடைந்து கன அளவு சற்றே கூடும். சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே, மார்கழிக் காலையில், அது உறைந்துவிடுவதால் லிட்டர் படியில் அளப்பதே கடினமாகிவிடும். நிறையோ இரு நிலையிலும் மாறாது. பொட்டலத்தில் வாங்குவோர், லிட்டர் அளவுக்கு அருகே கிராம் அளவும் அச்சிடப்பட்டிருந்தால் அதையே கொண்டு ஒப்பிடலாம். தராசில் வைக்கும்போது பாத்திரத்தின் எடையை முதலில் கழிக்கச் சொல்லுங்கள்.