டீயின் மேல் மிதந்த ஏடு: காரணம் டீத்தூள் அல்ல

பால் சேர்க்காத டீதான் எனக்குப் பிடிக்கும். வீடு மாறிய மறுநாளே அதில் சிக்கல் தொடங்கியது. ஊற்றி ஐந்து நிமிடத்தில் மேலே எண்ணெய் படர்ந்ததுபோல் ஒரு மினுங்கும் ஏடு. கோப்பையைச் சாய்த்தால் அது விரிசல் விட்டு, ஓரத்தில் பழுப்பு வளையமாக ஒட்டிக்கொள்ளும்.

முதலில் பாத்திரத்தில் சோப்பு தங்கியிருக்கும் என்று நினைத்து வெந்நீரில் பலமுறை அலசினேன். பலனில்லை. டீத்தூளை மாற்றினேன், அப்போதும் அதே ஏடு. கெட்டிலில் வினிகர் ஊற்றிக் கொதிக்கவைத்தபோது வெள்ளைப் படிவு நிறைய கழன்று வந்தது. சரி, தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்த கோப்பையிலும் ஏடு. நான்கு நாள் இப்படியே போயிற்று.

ஐந்தாம் நாள் தொண்டைக் கரகரப்புக்காக எலுமிச்சை பிழிந்தேன். அந்தக் கோப்பையில் மட்டும் ஏடு இல்லை! அப்புறம்தான் அந்த வெள்ளைப் படிவு நினைவுக்கு வந்தது. புது வீட்டுத் தண்ணீர் கடினநீர், அதாவது கால்சியம் போன்ற உப்புகள் மிகுந்தது; கெட்டிலில் படிந்ததும் அதுதான். அதிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் இருக்கும்போது, டீக்குத் துவர்ப்பு தரும் பாலிஃபீனால்கள் என்ற பொருள்கள் காற்றுப்படும் மேற்பரப்பில் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஏடாகின்றன. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 1993இல் இதை விளக்கியிருக்கிறார்கள். அமிலம் சேர்ந்தால் பைகார்பனேட் குறைந்துவிடும், எலுமிச்சை செய்தது அதைத்தான். கெட்டிலைக் கழுவியது வீண், ஏனென்றால் கால்சியம் ஒவ்வொரு முறையும் தண்ணீரோடு புதிதாக வருகிறது.

எனக்குத் தினமும் புளிப்பு வேண்டாம். அதனால் இந்த உப்புகளை வடிகட்டிய ஆர்ஓ தண்ணீரில் டீ போட்டேன். முதல் கோப்பையிலேயே மேற்பரப்பு தெளிவு. நிம்மதியாகக் குடித்தேன்.