வெள்ளையாகப் பிறக்கும் பாயிண்ட் குட்டி: நிறம் எப்போது தெரியும், எதை வைத்துச் சொல்வது

சயாமீஸ், ஹிமாலயன், ராக்டால் பூனைக் குட்டிகள் பிறக்கும்போது பால் வெள்ளையாகவோ லேசான சந்தன நிறத்திலோ இருக்கும். தாய்க்கு முகமும் வாலும் கறுப்பாக இருந்தாலும் இப்படித்தான். உடம்பு வெளிறி, முகம், காது, பாதம், வால் மட்டும் அடர்ந்திருக்கும் இந்தப் பூனைகளைத்தான் பாயிண்ட் பூனை என்பார்கள். இந்தக் குட்டியை "வெள்ளைப் பெர்சியன்" என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. சில வாரத்தில் காது கறுத்ததும், ஏதோ சீக்கு வந்துவிட்டதென்று வாங்கியவர் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார். சீக்கெல்லாம் இல்லை, குட்டி தன் நிறத்துக்கு வருகிறது.

முடியில் நிறமி உண்டாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். பாயிண்ட் பூனைகளில் அந்த நொதிக்கான மரபணு கொஞ்சம் மாறியிருக்கும். எந்த மாற்றம் என்பது 2005-ல் தெரியவந்தது. மாறிய நொதி உடம்புச் சூட்டில் வேலை செய்யாது, சில டிகிரி குறைந்த இடத்தில்தான் செய்யும். பூனையின் உடம்புச் சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். தாய் வயிற்றுக்குள் குட்டியைச் சுற்றி எங்கும் அதே சூடுதான், அதனால் நிறமே ஏறாமல் பிறக்கிறது. வெளியே வந்தபின் காது, மூக்கு, பாதம், வால் ஆகியவை முதலில் ஆறுகின்றன, நிறமும் அங்கேதான் முதலில் விழுகிறது. ஆண் குட்டியின் விதைப்பையும் கறுக்கும். ஆணா பெண்ணா என்று குழம்பும் வீட்டில் இது ஒரு கைகண்ட அடையாளம்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முளைத்துவிட்ட முடி நிறம் மாறாது. வேர்க்காலில் வளரும்போது அங்கே என்ன சூடு இருந்ததோ, அதற்கேற்ற நிறம்தான் அந்த முடிக்கு. பழைய முடி கொட்டிப் புதுசு வந்தால்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். மார்கழிக் குளிரின் விளைவு மார்கழியிலேயே தெரியாமல் தை, மாசியில் தெரிவது இதனால்தான்.

எந்த வயதில் எங்கே பார்ப்பது

பிறந்து ஒரு வாரம் போனதும் காதின் ஓரத்தைப் பாருங்கள். குட்டியைத் தாயிடமிருந்து தூக்க வேண்டாம், பால் குடிக்கும்போதே குனிந்து பார்த்தால் போதும். பென்சிலால் கோடு இழுத்த மாதிரி சாம்பல் விளிம்பு தெரிந்தால் பெரும்பாலும் சீல் (அடர்பழுப்பு) அல்லது ப்ளூ (சாம்பல்). சீல்தான் எல்லாவற்றுக்கும் முந்தும், ப்ளூ சில நாள் பின்னால் வரும். சாக்லேட் (இளம்பழுப்பு), லைலாக் (ரோஸ் கலந்த வெளிர்சாம்பல்) இரண்டும் மெதுவாகத்தான் வரும், மூன்று வாரமானாலும் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். செம்பழுப்பு நிற ஃப்ளேம் பாயிண்ட் அதைவிட மெத்தனம், காதில் ஆரஞ்சுச் சாயல் தெளியவே மாதக்கணக்கில் ஆகலாம்.

நாலிலிருந்து எட்டு வாரத்துக்குள் மூக்கைச் சுற்றிக் கறை படரும், வாலும் கால்களும் நிறம் கொள்ளும். சீலா ப்ளூவா என்று அதிகம் தடுமாறுவது இந்தக் கட்டத்தில்தான். முடியை வைத்து முடிவு செய்யாமல் பாதத்தின் அடியில் உள்ள மெத்தையைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு கலந்த அடர்பழுப்பு என்றால் சீல். சிலேட்டு சாம்பல் என்றால் ப்ளூ. ரோஸ் கலந்த பழுப்பு சாக்லேட், வெளிறிய ஊதா கலந்த ரோஸ் லைலாக், வெறும் ரோஸ் ஃப்ளேம். ஒரே பாதத்தில் ரோஸும் கறுப்பும் திட்டுத்திட்டாக இருந்தால் இரண்டு நிறம் கலந்த டார்ட்டி பாயிண்டாக இருக்கலாம், அநேகமாகப் பெண் குட்டி. ஆனால் வெள்ளைக் கையுறை போட்டது போன்ற பாதத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே முடி கடைசிவரை வெள்ளைதான், மெத்தையும் ரோஸ்தான்.

வாலில் வளையமும் நெற்றியில் கோடும் தெரிந்தால் லின்க்ஸ் பாயிண்ட் (கோடு போட்ட பாயிண்ட்) என்று உடனே பெயர் வைத்துவிடாதீர்கள். சாதாரணக் குட்டிக்கும் மங்கலான கோடுகள் வந்து, வளர வளர மறையும். காதின் பின்பக்கம் கட்டைவிரல் பதித்த மாதிரி வெளிறிய திட்டு இருந்து, கோடுகளும் ஆறு மாதம் தாண்டியும் நின்றால் அது லின்க்ஸ்.

குட்டை முடிப் பூனையில் முகக்கறை காதோடு சேர்ந்து முழுமை பெற ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். ராக்டாலுக்கு இரண்டு மூன்று வருஷம்கூடப் பிடிக்கும். அதற்குப் பிறகும் நிற்காது. வயது ஏற ஏற முதுகும் விலாவும் அடர்ந்துகொண்டே போகும், வயிறும் நெஞ்சும் கொஞ்சம் வெளிறி நிற்கும்.

கண் விஷயத்தில் அவசரம் கூடாது. எல்லாக் குட்டிக்கும் முதலில் கண் நீலமாகத்தான் இருக்கும். ஏழெட்டு வாரம் தாண்டியும் பச்சை, மஞ்சள் ஏறாமல் நீலமாகவே நின்றால்தான் அது பாயிண்டுக்குச் சாட்சி. நிஜ வெள்ளைப் பூனைக்கும் நீலக்கண் உண்டு என்பதால், காது ஓரத்தையும் சேர்த்தே பாருங்கள். சில வெள்ளைக் குட்டிகளுக்கு உச்சந்தலையில் சின்னக் கறை இருந்து வளர வளர மறையும். பாயிண்ட் குட்டியில் நடப்பது இதற்கு நேர்மாறு.

போட்டோ எடுத்து ஒப்பிட

வாரம் ஒருமுறை, காலை எட்டு மணி வாக்கில், அதே ஜன்னல் ஓரத்தில், அதே வெள்ளைத் துண்டின் மேல் வைத்து எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். டியூப்லைட்டில் நிறம் மாறித் தெரியும், மஞ்சள் பல்பில் எல்லாமே சாக்லேட். போனில் ஃபில்டரை அணைத்துவிடுங்கள். ஈர முடி எப்போதும் கறுப்பாகக் காட்டும், காய்ந்த பிறகு எடுங்கள்.

மதுரை வெயிலும் நிறமும்

அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தொடும் ஊரில் பாயிண்ட் வெளிறித்தான் இருக்கும். ஒரே ஈற்றில் ஒன்று மதுரை வில்லாபுரத்திலும் மற்றொன்று கொடைக்கானலிலும் வளர்ந்தால், மலையில் வளர்வது அடர்ந்திருக்கும். அதனால் இங்கே வளரும் சீல், இணையத்தில் பார்த்த படம் போல் கறுக்கவில்லை என்று விற்றவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

நிறம் ஏறட்டுமென்று பிறந்த குட்டியை ஏ.சி. அறையில் போடுவதுதான் பெரிய தவறு. முதல் சில வாரம் குட்டிக்குத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. முதல் வாரம் படுக்கைப் பக்கம் 29 முதல் 32 டிகிரி வேண்டும், பிறகு வாரம் வாரமாகக் குறைக்கலாம். உடம்பு குளிர்ந்த குட்டி பால் குடிக்காது, குடித்தாலும் செரிக்காது. மறுபக்கம், தகரக் கூரைக்கு அடியில் சித்திரை மதியத்தில் அடைப்பதும் ஆபத்து. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஈரத்துணியால் பாதத்தையும் காதையும் துடைத்தபடியே உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

நிறம் கெடும் இடங்கள்

கருத்தடை ஆபரேஷனுக்கு மழித்த இடத்தில் முடி கறுப்பாக முளைக்கும். தோல் முடியில்லாமல் திறந்து கிடந்து குளிர்ந்ததே காரணம். 1930-ல் வெளியான ஒரு ரஷ்ய ஆய்விலேயே சயாமீஸ் பூனையை மழித்துக் குளிரில் வைத்து இதைக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த தடவை முடி கொட்டி முளைக்கும்போது சரியாகிவிடும். விலாவில் கறுப்புச் சதுரம் தெரிவது பிடிக்காதவர்கள், வயிற்றின் நடுவில் கீறிச் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். கட்டுப்போட்டு மூடிய இடத்தில் இதற்கு எதிராக வெளிறி முளைக்கும்.

கண்ணைச் சுற்றி மட்டும் கண்ணாடி மாட்டியது போல் வெள்ளை வளையம் வந்தால், நோயோ, சத்துக்குறைவோ, கர்ப்பமோ காரணமாகலாம். உடம்பு தேறினால் தானே மறையும். ஆனால் வட்டமாக முடி உதிர்ந்து செதில் கண்டால் அது படர்தாமரையாக இருக்கலாம், வேறு கதை. அதற்கு மஞ்சள் அரைத்துப் பூசாதீர்கள். நோயும் போகாது, வெள்ளை முடியில் மஞ்சள் கறையும் வாரக்கணக்கில் நிற்கும், டாக்டருக்குப் புண்ணும் தெரியாது. மனிதர்களுக்கும் ஒட்டும் என்பதால் தள்ளிப்போடவும் கூடாது.

வாங்குமுன் தாய் தகப்பன் இரண்டையும் பார்க்கக் கேளுங்கள். இரண்டும் பாயிண்ட் என்றால் குட்டிகள் அத்தனையும் பாயிண்டாகத்தான் இருக்க வேண்டும். நடுவில் ஒன்று முழுக் கறுப்பாக இருந்தால் தகப்பன் வேறு. ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன் குட்டிகள் இருப்பதும் பூனைக்குச் சகஜம். தெருப்பூனை ஈற்றில் திடீரென்று ஒரு பாயிண்ட் பிறப்பதற்கு, தாயும் தகப்பனும் அந்த மரபணுவை வெளியே காட்டாமல் சுமந்திருப்பதே காரணம். அப்படிப்பட்ட ஜோடிக்கு நாலில் ஒன்று அப்படி வர வாய்ப்புண்டு. அதற்காக அதை சயாமீஸ் என்று விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.