பிரிஜ் இல்லாமல் நிற்கும் பால்: வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளும் முறை

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் பாலைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கறவை மாடு பார்த்து வளர்ந்தவர்கள். அப்படியிருந்தும் மளிகைக் கடையில் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிப் பாலைப் பார்த்து என் அத்தை கேட்டார்: "ஆறு மாசம் கெடாதுன்னா, என்ன மருந்து கண்ணு போடறாங்க?"

மருந்து எதுவும் இல்லை. சூடும் அடைப்பும்தான். ஒரு நாள் ஒதுக்கினால் நீங்களே பார்த்துவிடலாம்.

படி 1: ஒரு அட்டைப்பெட்டிப் பால், ஒரு பாக்கெட் பால் வாங்குங்கள். இரண்டும் டோன்டு பாலாக இருக்கட்டும், அதாவது 3 சதவீதக் கொழுப்பு. ஒன்று கொழுப்பு கூடிய பாலாக இருந்தால் ருசி எதனால் மாறியது என்று சொல்ல முடியாது.

படி 2: கவரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பாக்கெட்டில் 'பாஸ்சுரைஸ்டு' என்று இருக்கும். 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி உடனே குளிர வைத்த பால் அது. நோய் தரும் கிருமிகள் செத்துவிடும். ஆனால் சூட்டைத் தாங்கும் சில நுண்ணுயிர்களும், விதை போல உறங்கிக் கிடந்து பிறகு முளைக்கும் நுண்ணுயிர் வித்துகளும் மிஞ்சும். குளிரில் அவை மெதுவாகத்தான் பெருகும். அதனால்தான் பிரிஜ், அதனால்தான் இரண்டு நாள் கணக்கு.

பெட்டியில் 'யு.எச்.டி' (UHT) என்று இருக்கும், மிக அதிகச் சூட்டில் பதப்படுத்திய பால் என்று அர்த்தம். 135 டிகிரிக்கு மேல், சில விநாடிகள் மட்டும். நம் அடுப்பில் பால் 100 டிகிரியைத் தாண்டும்போதே பொங்கிவிடுகிறதே, அப்புறம் 135 எப்படி? மூடிய குழாய்க்குள் அழுத்தத்தில் ஓடவிடுகிறார்கள். குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போவது போலத்தான். அந்தச் சூட்டில் வித்துகளும் அழிந்துவிடும். பிறகு கிருமி நீக்கிய பெட்டியில், வெளிக்காற்று படாமல் நிரப்பி மூடுகிறார்கள். என்னைக் கேட்டால் பாதி வேலை இந்தப் பெட்டியுடையது. காலிப் பெட்டியைக் கத்தரியால் வெட்டிப் பாருங்கள்: வெளியே அட்டை, உள்ளே வெள்ளியாய் மின்னும் அலுமினியத் தாள், பாலைத் தொடும் பக்கம் மெல்லிய பிளாஸ்டிக். வெளிச்சமும் காற்றும் உள்ளே போக வழியில்லை.

படி 3: இரண்டையும் காய்ச்சாமல் குளிர வைத்து, ஒவ்வொரு வாய் குடியுங்கள். பெட்டிப் பாலில் காய்ச்சிய பாலின் வாசனை லேசாகத் தெரியும். அதிகச் சூட்டில் பாலின் புரதம் கொஞ்சம் மாறுவதால் வருவது அது. கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. டீயில் கலந்தால் பெரிதாகத் தெரியாது. புரதமும் கால்சியமும் ஏறக்குறைய ஒன்றே. சில வைட்டமின்கள் மட்டும் சற்றுக் குறையும்.

படி 4: தயிர். பாக்கெட் பாலைப் பொங்கவிட்டு, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் உறை மோர் ஊற்றுங்கள். பெட்டிப் பாலை வெதுவெதுப்பாக்கினால் போதும். இரண்டும் உறையும், பெட்டிப் பால் தயிர் கரண்டியில் எடுக்கும்போது கொஞ்சம் தளர்வாக இருக்கும். பனீருக்கு அதை எடுக்காதீர்கள், திரிந்தது பொடிப்பொடியாகச் சிதறி, கட்டியாகச் சேராது.

படி 5: இதுதான் முக்கியம். பெட்டியைத் திறந்துவிட்டால் அதுவும் சாதாரணப் பால்தான். சித்திரை வெயிலில் ஒருமுறை, திறந்த பெட்டியை மேடையிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் காலை முகர்ந்தேன், புளித்த வாடையே இல்லை. டீ போட்ட பிறகுதான் நாக்கில் கசந்தது. வழக்கமாகப் பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் இதில் முன்பே செத்திருப்பதால், பிறகு எது வந்து விழுகிறதோ அதன்படி கெடும். மூக்கை நம்ப முடியாது. திறந்ததும் பிரிஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். திறக்காத பெட்டியே உப்பியிருந்தால் ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

தினசரி தயிருக்கும் காபிக்கும் எங்கள் வீட்டில் சொசைட்டிப் பால்தான். பயணத்துக்கும், கரண்ட் போகும் மழைக்காலத்துக்கும் பெட்டிப் பால் இரண்டு இருக்கும். திறந்த தேதியைப் பேனாவால் பெட்டி மேலேயே எழுதி வைப்பது இப்போது அத்தையின் வேலை.